மலைநாட்டில் குறைந்த செலவில் குடும்ப போஷணை

நீலகிரி ஜில்லாவில் காய்கறி விளையாத மாதம் இல்லை எனலாம். காரட், பீட்ரூட், முட்டைக்கோசு, முள்ளங்கி, உருளைக்கிழங்கு முதலியவை ஆண்டு முழுவதும் லாரிகளில் ஏற்றப்பட்டு மேட்டுப்பாளையத்து மண்டிகளுக்கு இறங்குகின்றன. ஆயினும் அவற்றைப் பயிரிட்டும், பிடுங்கியும், கழுவியும், தேயிலைக் கொழுந்து பறித்தும் கூலி பெறும் குடும்பங்களிற் பல, சோறும் நீர்த்த குழம்பும் சர்க்கரையிட்ட தேநீருமே ஆகாரமாகக் கொண்டு காலங்கழிக்கின்றன. கையில் காசு போதாமை இதற்கு முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. இருக்கும் சிறு காசும் சத்துக் குறைந்த பண்டங்களிற் போய்விடுவது இரண்டாவது காரணம். முதற் காரணத்தை ஒரு குடும்பம் தானே நீக்கிக்கொள்ள இயலாது. இரண்டாவதைப் பெரும்பாலும் நீக்கிக்கொள்ளலாம். அதற்கான வழிகள் இங்குக் கூறப்படுகின்றன.

வயலிலிருந்து கடைக்கு

படகர் முதலிய மலைக்குடிகள் முற்காலத்தில் சாமை, கேழ்வரகு, கோதுமை, பார்லி ஆகியவற்றை வீட்டுத் தேவையை முன்னிட்டே பயிரிட்டு வந்தனர். கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் மலைமேல் வந்து, பின்னர் உதகமண்டலத்தில் குடியேறிய காலந்தொட்டு உருளைக்கிழங்கும் சீமைக் காய்கறிகளும் பரவலாயின. சாமை விளைந்த சரிவுகளிற் பல கிழங்கு நிலமாயின. அவற்றுள்ளும் பல பிற்காலத்தில் தேயிலை நிலமாயின. 1961-இல் உருளைக்கிழங்கு நூற்புழு உதகைப் பகுதியிற் கண்டறியப்பட்டபின் கிழங்கு விவசாயத்துக்கு இடையூறு பெருகிற்று. 1990-களின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை வீழ்ச்சியுற்றபோது, தேயிலை ஒன்றையே நம்பியிருந்த சிறு விவசாயிகள் பெரிதும் துன்புற்றனர். நிலம் முழுவதும் பணப்பயிராகிவிட்டமையால் பண்டைக்காலத்துச் சாமைக் குதிர் அவர்கள் வீட்டில் இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் அனைத்தும் விலைக்கு வாங்கவேண்டியவையாய் இருந்தன.

இன்று நிலமுடைய சிறு விவசாயி, நிலமில்லாத தோட்டத் தொழிலாளி ஆகிய இருவர் நிலையும் இவ்விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றே. இருவரும் பையை எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லவேண்டியவர்களே. ஆதலால் எதை முதலில் வாங்குவது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்னும் கணக்கு இருவருக்கும் வேண்டுவதாம்.

குன்னூரிற் கண்ட உண்மைகள்

ஏழைக் குடும்பத்தின் ஆகாரத்தை எவ்வாறு திருத்துவது என்பதை இந்தியாவில் முறையாக ஆராய்ந்த முதல் இடங்களுள் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரே தலையாயது. அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், 1918-ஆம் ஆண்டு டாக்டர் ராபர்ட் மக்காரிசன் பெரி பெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து 1928-இல் போஷணை ஆராய்ச்சிச் சாலைகள் என்னும் பெயர் பெற்றது. 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்று தேசிய போஷணை நிலையம் என வழங்குவது அதுவே.

மக்காரிசன் இந்நாட்டுப் பல பகுதி மக்களின் ஆகாரங்களை வெள்ளெலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறிகள் அடங்கிய சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகள் யாவற்றினும் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பங்காய், பாலும் கீரையும் குறைந்த தென்னாட்டு ஆகாரத்தை உண்டவை மிகவும் பின்தங்கின. வெள்ளை ரொட்டி, ஜாம், சர்க்கரையிட்ட தேநீர் ஆகியவற்றை முக்கியமாகக் கொண்ட ஏழை ஆங்கிலேயரின் ஆகாரமும் நல்ல பலன் தரவில்லை. இதிலிருந்து, வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு என்பது தெளிவாயிற்று.

அவருக்குப்பின் தலைமை வகித்த டாக்டர் அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அட்டவணைப்படுத்திய சிறு நூலை 1937-இல் வெளியிட்டார். பணக்காரரின் பண்டங்களைப் புகுத்தாமல், ஏழையின் அரிசிச் சோற்றோடு எவற்றைச் சிறிது சேர்த்தால் அது நிறைவுள்ள ஆகாரமாகும் என்பதே அந்நூலின் நோக்கம். அவ்வழி வந்த அட்டவணைகளே இங்குத் தரப்படும் எண்களுக்கு ஆதாரம்.

நியாய விலைக் கடைச் சாமான்களின் கணக்கு

ஐவர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோர் கீழ்க்கண்ட கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். தேசிய போஷணை நிலையம் 2024-இல் வெளியிட்ட ஆகார நெறிகளின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி வேண்டும் ஒருவருக்குத் தானியம் 250 கிராமும், பருப்பு வகை அல்லது முட்டை, மாமிசம் 85 கிராமும், காய் கீரைகள் 400 கிராமும், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டரும் வேண்டும். குழந்தைகளுக்கு இதிற் குறையலாம், கடினமாய் உழைப்பவருக்கு மிகலாம். ஐவருக்கும் இவ்வளவே எனக் கொண்டால், 30 நாளில் தானியம் 37½ கிலோவும், பருப்பு வகை சுமார் 12¾ கிலோவும் செல்லும்.

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 முதல் அரிசி இலவசமாக வழங்கப்படுகிறது. மாதம் 20 கிலோ அரிசி பெறும் குடும்பத்துக்குத் தானியத் தேவையிற் பாதிக்குமேல் காசின்றிக் கிடைத்துவிடுகிறது. 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் அது மாதம் ஒரு கிலோவே. அஃதாவது வேண்டுவதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே, இக்குடும்பத்தின் குறை அரிசியில் இல்லை. பருப்பு, கீரை, பால் ஆகியவற்றிலேயே உள்ளது. இலவச அரிசியால் மீதமாகும் காசு மேலும் உயர்ந்த ரக அரிசிக்கோ, பிஸ்கோத்துக்கோ, சர்க்கரைக்கோ செல்லுமாயின் அக்குறை அப்படியே நிற்கும்.

கூலி கைக்கு வந்தவுடன் வாங்கும் வரிசை பின்வருமாறு இருத்தல் வேண்டும். முதலில் அம்மாதத்துக்கான பருப்பும் பயறும், அடுத்து எண்ணெய், அதற்கடுத்துக் கேழ்வரகு. இவற்றுக்குப் பின்னர் வாரந்தோறும் காய்கறிக்கும் பாலுக்கும் முட்டைக்கும் ஒதுக்கும் தொகை. சர்க்கரை, தேயிலைத்தூள், தின்பண்டம் ஆகியவை கடைசியில். உப்பு வாங்குகையில் அயோடின் சேர்த்த உப்பையே வாங்கவேண்டும். மலைப்பிரதேசங்களில் அயோடின் குறைவினால் கழுத்துக் கழலை உண்டாவது உலகெங்கும் கண்ட செய்தி. சில காசு மிச்சம் பிடிக்கக் கல்லுப்பை நாடுவது மிச்சமாகாது.

கேழ்வரகு

2023-ஆம் ஆண்டில் நீலகிரி, தருமபுரி ஆகிய இரு ஜில்லாக்களில், அட்டைதாரர் விரும்பினால் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முறை முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. சமைக்கத் தெரியாமையாலோ, ஏழை உணவு என்னும் எண்ணத்தாலோ இதை ஒதுக்குவது பெருந்தவறு. 100 கிராம் தீட்டிய அரிசியிற் சுண்ணாம்புச் சத்து சுமார் 10 மில்லிகிராம். அதே எடையுள்ள கேழ்வரகில் 344 மில்லிகிராம். எலும்பும் பல்லும் வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்குப் பால் வாங்க வகையில்லாத வீட்டில் இதனினும் மலிவான துணை கிடைப்பது அரிது.

2 கிலோ கேழ்வரகு முப்பது நாளைக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 66 கிராம் வரும். இதனை ஐவருக்கும் பங்கிடாமல், இரு குழந்தைகளுக்குக் காலைக் கஞ்சியாகக் கொடுத்துவந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நாள்தோறும் 110 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துச் சேரும். தானியத்தை ஓரிரவு ஊறவைத்து, துணியிற் கட்டி முளைவிடச் செய்து, உலர்த்தி, இளவறுப்பாய் வறுத்து மாவாக்குவது சிறந்தது. முளைகட்டிய மாவிற் காய்ச்சிய கஞ்சி கெட்டிப்படாது. ஆதலால் சிறு குழந்தை அருந்தும் ஒரு கிண்ணத்துக்குள்ளேயே மிகுதியான மாவைச் சேர்க்கலாம். அத்துடன் சத்துக்களை உடல் ஏற்பதும் எளிதாகும். இம்மலைக்கு உரிய சாமையும், விலை கட்டுப்படும்போதெல்லாம், இரவுச் சோற்றுக்கு ஏற்றது.

பருப்பும் பயறும்

துவரம் பருப்பே பருப்பு என்னும் வழக்கம் செலவை மிகுவிக்கின்றது. 100 கிராம் துவரம் பருப்பிற் புரதம் சுமார் 22 கிராம். கொள்ளிலும் அவ்வளவே உண்டு. பச்சைப்பயறு, மொச்சை, வேர்க்கடலை ஆகியவற்றில் அதனினும் சற்று மிகுதி. இவற்றுள் அவ்வாரத்தில் எது மலிவோ அதையே வாங்குதல் அறிவுடைமை. மூன்று அல்லது நான்கு பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்னும் அளவில் இரண்டையும் சேர்த்து உண்டால், ஒன்றின் புரதத்திலுள்ள குறையை மற்றொன்று ஈடுசெய்யும். வாரத்தில் ஒரு நாள் குழம்பில் மிகுதியாய்ப் பருப்பிட்டு, மற்ற நாட்களில் புளித்தண்ணீரோடு நிறுத்துவதைவிட, நாள்தோறும் சிறிது சேர்ப்பதே மேலானது. பால் வாங்க இயலாதார் மோராவது வாங்கலாம். குன்னூர் ஆராய்ச்சிச் சாலையார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுத்துப் பார்த்ததில், அவர்கள் வளர்ச்சி மேம்பட்டது. வெண்ணெய் எடுத்தபின்னும் பாலின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மோரில் எஞ்சியிருப்பதே இதற்குக் காரணம்.

எறியப்படும் இலைகள்

கேத்தி பாலாடா முதலிய இடங்களில் காரட் அறுவடைக் காலத்தில் காணும் காட்சி யாவரும் அறிந்ததே. கிழங்கு கழுவி மூட்டையாகிறது. இலை மாட்டுக்குப் போகிறது, அல்லது குவிந்து அழுகுகிறது. காலிபிளவர், நூல்கோல், முள்ளங்கி ஆகியவற்றின் இலைகளுக்கும் பெரும்பாலும் இதே கதி. ஆனால் விலைபெறும் பகுதியைவிட எறியப்படும் இலையிலேயே சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதைப் பின்வரும் எண்கள் காட்டும். (100 கிராமில், மில்லிகிராம் கணக்கில், ஏறக்குறைய.)

காரட்: கிழங்கில் 80, இலையில் 340.
முள்ளங்கி: கிழங்கில் 35, இலையில் 265.
பீட்ரூட்: கிழங்கில் 18, இலையில் 380.
காலிபிளவர்: பூவில் 33, இலையில் 626.
நூல்கோல்: காயில் 20, இலையில் 740.

கண்ணுக்கு நலந்தரும் உயிர்ச்சத்து ‘ஏ’யாக உடலில் மாறும் பொருளும் பச்சை இலைகளில் உண்டு. பீட்ரூட் இலையில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதியாதலால் அதிலுள்ள சுண்ணாம்பு முழுவதும் உடலிற் சேராது. முள்ளங்கி, நூல்கோல், காலிபிளவர் இலைகளுக்கு அக்குறை இல்லை. முள்ளங்கி இலையைப் பருப்போடு கூட்டாகவும், நூல்கோல், காலிபிளவர் இவற்றின் இளந்தழைகளைப் பொடியாக அரிந்து பொரியலாகவும், காரட்டின் கொழுந்திலையைத் துவையலாகவோ அடைமாவிற் கலந்தோ உபயோகிக்கலாம். முற்றிய இலை நாரும் கசப்பும் உடையதாதலால் இளசானதையே கொய்தல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். விற்பனைக்குப் பயிரிடும் வயல்களிற் பூச்சிமருந்து தெளிக்கப்படுகிறது. தெளித்த மருந்துக்குரிய காத்திருப்பு நாட்கள் கழிந்தனவா என்பதை நிலத்துக்காரரிடம் கேட்டறிந்த பின்னரே இலையைக் கொள்ளவேண்டும். அதனையும் பலமுறை நீர் மாற்றிக் கழுவுதல் வேண்டும். ஐயமிருப்பின் விட்டுவிடுவதே தக்கது. வீட்டின் பின்புறத்தில் விளைந்ததே ஐயமற்றது.

தரம் பிரிக்கையிற் கழிக்கப்படும் பிளந்த காரட்டும், கோணற் கிழங்கும், பொடி உருளைக்கிழங்கும் மலிவாய்க் கிடைக்கும். உருவம் குறைந்ததால் சத்துக் குறைவதில்லை. ஆனால் பச்சை நிறம் பாய்ந்த உருளைக்கிழங்கில் நச்சுப் பொருள் உண்டாதலால் அதனை உண்ணலாகாது.

அடுப்படியிற் கவனிக்கவேண்டியவை

உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறைகின்றது. 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சமவெளியில் எளிதில் வேகும் பருப்பு மலைமேல் நெடுநேரம் பிடிப்பதும், அதனால் இல்லத்தார் பயற்றை வெறுத்து ஒதுக்குவதும் இதனாலேயே. பயறு வகைகளை முந்திய இரவே ஊறவைத்தும், அழுத்தக் கலத்தில், அஃதாவது குக்கரில், சமைத்தும் எரிபொருளை மிச்சப்படுத்தலாம். குக்கர் இல்லாத வீட்டில் ஊறவைப்பதும் மூடிவைத்து வேகவிடுவதும் தவறாது செய்யத்தக்கவை.

பச்சரிசியைப் பலமுறை கழுவினால் உயிர்ச்சத்து ‘பி’ நீரோடு போய்விடும். இரண்டு முறை கழுவுதல் போதும். புழுங்கலரிசியில் அச்சத்து உள்ளே ஊறிநிற்பதால் இழப்புக் குறைவு. வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குழம்பிலோ மோரிலோ சேர்க்கலாம். நியாய விலைக் கடை அரிசியிற் சற்றே நிறம் மாறித் தோன்றும் மணிகள் இரும்புச் சத்து முதலியன சேர்த்துச் செய்யப்பட்டவை. அவற்றைப் பொறுக்கி எறியவேண்டா. அரிவாளணுச் சோகை, தாலசீமியா நோயுடையார் மட்டும் மருத்துவரைக் கேட்டு நடந்துகொள்ளவேண்டும்.

தேயிலை நாட்டில் தேநீரைக் குறை கூறுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் சாப்பாட்டோடு பருகும் தேநீர், கீரை பயறுகளிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கின்றது. உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பசியை அடக்கக் குழந்தைக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கத்தை அறவே விடவேண்டும். இதற்கு மாறாக, கீரையோடு சிறிது எலுமிச்சைச் சாறோ, ஒரு நெல்லிக்காயோ, கொய்யாத்துண்டோ சேர்ந்தால் இரும்புச் சத்து மிகுதியாய்ச் சேரும்.

வீட்டுத் தோட்டம்

கால் சென்ட் நிலம் கிடைத்தாலும் கீரைச் செலவு குறையும். சரிவுக்குக் குறுக்கே, இருபுறமிருந்தும் கைக்கு எட்டும் அகலத்தில், பாத்திகள் அமைக்கவேண்டும். மேலிருந்து கீழாக அமைத்தால் மழையில் மண் போய்விடும். நீலகிரி மண், அதிலும் தேயிலை நின்ற மண், புளிப்புத் தன்மை மிகுந்தது. எனவே மண் பரிசோதனை செய்வித்து, சொல்லப்படும் அளவுக்குச் சுண்ணாம்பு அல்லது டோலமைட் இட்டு, மக்கிய தொழுவுரத்தைக் கலத்தல் வேண்டும்.

முள்ளங்கியைப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை சிறிது சிறிதாக விதைத்துவந்தால் இலையும் கிழங்கும் இடையறாது கிடைக்கும். கலைத்தெடுக்கும் நாற்றே முதற் கீரையாகும். அதனோடு பீட்ரூட், நூல்கோல், கொத்தமல்லி, பட்டாணி, பட்டர் பீன்ஸ் ஆகியவற்றை வைக்கலாம். குன்னூர், கோத்தகிரி போன்ற உறைபனி குறைந்த இடங்களில் வேலியோரத்தில் ஒரு மேரக்காய்க் கொடி நட்டால் காயும், அதன் இளங்கொழுந்தும் நீண்டகாலம் உதவும். கூடலூர்ப் பக்கத்தில் முருங்கையும் தண்டுக்கீரையும் நன்கு வரும். உதகைப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் இளம்பயிர்மீது வைக்கோலோ பழைய சாக்கோ மூடி, காலையில் எடுத்துவிடுதல் வேண்டும்.

பகிர்ந்துண்ணும் முறை

சாமானைச் சீராய் வாங்கி, சமைப்பதையும் சீராய்ச் செய்தபின், பரிமாறுவதிற் குறை நேர்ந்தால் முன்செய்தவை பயன்படா. ஆடவரும் குழந்தைகளும் உண்டபின் எஞ்சியதை உண்பது பல இல்லங்களிற் பெண்களின் வழக்கம். பருப்பும் கீரையும் முதலில் தீர்ந்துவிடுவதால் அவர்களுக்குச் சோறும் ரசமுமே மிஞ்சும். நாள் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து பறிப்பவளும் அவளே, கருவுற்றுக் குழந்தைக்குப் பால் கொடுப்பவளும் அவளே. 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஆதலால் சமைத்தவுடனே ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியே எடுத்துவைக்கும் வழக்கம் ஏற்படவேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

பிள்ளைகளை அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் தவறாது அனுப்புவதும் ஆகாரக் கணக்கிற் சேர்ந்ததே. அங்கே கிடைக்கும் சத்துமாவும், மதிய உணவும், முட்டையும் குடும்பத்தின் வரவே ஆகும்.

ஒரு நாளைய திட்டம்

காலையில் குழந்தைகளுக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சியும், பெரியோருக்கு மோர் கலந்த பழைய சோறும், கூட ஒரு துவையலும். நண்பகலில் சோறு, கொள்ளு அல்லது மொச்சைக் குழம்பு, முள்ளங்கி இலைப் பொரியல். மாலையில் அவித்த பொடி உருளைக்கிழங்கு அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இரவில் சாமை அல்லது அரிசிச் சோறு, பருப்பும் கோசும் சேர்ந்த கூட்டு. வாரத்தில் இயன்ற நாட்களில் முட்டை. இதில் மலைமேற் கிடைக்காத பண்டம் ஒன்றுமில்லை.

கூலி உயர்வதும், கொழுந்துக்கு நியாயமான விலை கிடைப்பதுமே ஏழைக் குடும்பத்தின் குறையை முற்றும் தீர்க்கும். ஆகாரச் சிக்கனம் அதற்கு மாற்று ஆகாது. ஆயினும் வளரும் குழந்தையின் எலும்பு அந்நாள்வரை காத்திராது. ஆதலால் மலைநாட்டு இல்லத்தார் முதற்கண் இம்மாதமே இரண்டு காரியங்களைச் செய்யத் தொடங்கலாம். நியாய விலைக் கடையில் அரிசிக்குப் பதில் தரப்படும் கேழ்வரகைக் கேட்டுப் பெறுதல் ஒன்று. வீட்டருகே ஒரு பாத்தி முள்ளங்கி விதைத்தல் மற்றொன்று. விதைத்த நாலு வாரத்திற்குள் முதற் கீரை அடுப்பேறும்.